டட்சன் 120ஒய்: எண்ணெய் மீட்டரும் சூட்டு மீட்டரும் ஒன்றாக ஏறிக் காட்டுவது ஏன்?

கேள்வி (பாடாங் செராய், கெடா)

அன்பர்களுக்கு வணக்கம். தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தந்தை 1970களில் வாங்கிய டட்சன் 120ஒய் கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. காட்சிக்காக வைத்திருக்கும் கார் அன்று. அம்மாவைக் கூலிம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், வார இறுதியில் தோட்டத்து உறவினர்களைப் பார்க்கச் செல்வதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். 1171 சிசி இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை. குறை முழுவதும் டேஷ்போர்டில்தான் இருக்கிறது.

பகலில் ஓட்டும்போது எண்ணெய் (பெட்ரோல்) மீட்டர் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே காட்டுகிறது; சூட்டு மீட்டரின் முள்ளும் நடுக்கோட்டைத் தாண்டி நிற்கிறது. இரவில் விளக்கைப் போட்டுவிட்டால் இரண்டு முள்களும் சேர்ந்து மேலும் ஏறுகின்றன. அரைத் தொட்டி எண்ணெய் இருக்கும்போது நிறைந்த தொட்டி என்று காட்டும். சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொடும். ஆனால் ரேடியேட்டரில் கொதிப்போ ஆவியோ இல்லை, தண்ணீரும் குறைவதில்லை. மீட்டர் விளக்குகள் வெகு காலமாகவே மங்கலாகத்தான் எரிகின்றன. பல்புகளை மாற்றியும் பயனில்லை.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டியபோது, முதலில் தெர்மோஸ்டாட்டையும் (இயந்திர நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்துவிடும் வால்வு) பிறகு சூட்டு சென்சரையும் மாற்றினார்கள். எந்த மாற்றமும் இல்லை. இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன்பு விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். இதோடு, ஸ்பீடோமீட்டர் முள் மெதுவாகப் போகும்போது நடுங்குவதும், சில காலை வேளைகளில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கீச்சென்ற ஒலி வருவதும் உண்டு. இவை ஒன்றோடொன்று தொடர்புடையவையா?

மறுமொழி (கூலிம், கார் வயரிங் வேலை செய்பவர்)

வணக்கம் தம்பி. ரேடியேட்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். இரண்டு மீட்டர்களும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தவறுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் தொட்டியில் இருக்கும் மிதவைக்கும் இயந்திரத்தில் இருக்கும் சூட்டு சென்சருக்கும் எந்த உறவும் கிடையாது. இரண்டும் ஒரே நாளில் ஒரே மாதிரிக் கெட்டுப்போவது நடக்காத காரியம். லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக் குழாய்களில் ஒரே நேரத்தில் தண்ணீர் நின்றால் குழாயைக் கழற்ற மாட்டோம், மேலே இருக்கும் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்போம். இந்த இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவாக இருப்பது மீட்டர் பெட்டிக்குள் உள்ள சிறிய ரெகுலேட்டர்.

அந்தக் காலத்து டட்சன் கார்களில் எண்ணெய் மீட்டரும் சூட்டு மீட்டரும் ஈருலோகத் தகட்டால் இயங்குபவை. தகட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது தகடு சூடேறி வளையும். அந்த வளைவே முள்ளைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழாமல் ஆமை வேகத்தில் ஏறுவதற்கு இதுவே காரணம். தொட்டியில் எண்ணெய் கூடும்போது மிதவையின் மின்தடை குறையும். இயந்திரம் சூடேறும்போது சென்சரின் மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடி முள் மேலே போகும். ஆனால் பேட்டரியின் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்பதில்லை. இயந்திரம் நின்றிருக்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேலும், ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் முள் அலையாதிருக்க, மீட்டர்களுக்கு ஏறத்தாழ 8 வோல்ட் மட்டும் கிடைக்கும்படி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. அதுவும் ஓர் ஈருலோகத் தகடுதான்: சூடேறினால் தொடுமுனை விலகும், ஆறினால் மீண்டும் தொடும். இவ்வாறு விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தின் சராசரியே மீட்டர்களுக்குப் போகிறது.

இப்போது உங்கள் காரில் நடப்பதைப் பாருங்கள். ரெகுலேட்டரின் தகட்டைச் சூடாக்கும் சுருளுக்கு எர்த், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, வேண்டும். எர்த் முழுவதும் விட்டுப்போனால் தகடு சூடேறாது, தொடுமுனை விலகாது, மீட்டர்களுக்குப் பேட்டரி மின்னழுத்தம் முழுதாகப் போகும். எர்த் அரைகுறையாக இருந்தால் முள்கள் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். மீட்டர் விளக்குகளும் அதே எர்த் வழியாகத் திரும்பும் அமைப்பாக இருந்தால், விளக்கைப் போட்டவுடன் அந்தக் கெட்ட இணைப்பில் சுமை கூடி, ரெகுலேட்டருக்குக் கிடைக்கும் எர்த் இன்னும் மோசமாகும். முள்கள் ஏறும், விளக்குகளும் மங்கும். பல்பை மாற்றியும் வெளிச்சம் கூடாததற்கும் இதுவே விடையாக இருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. மீட்டர் பெட்டியின் எர்த் முனையிலிருந்து ஒரு தனி வயரைக் கொண்டுவந்து, பெயிண்ட் இல்லாத சுத்தமான உடற்பகுதி உலோகத்தில் இறுக்கிக் கட்டுங்கள். சாவியைத் திருப்பி, விளக்கைப் போட்டு, சில நிமிடங்கள் காத்திருங்கள். முள்கள் இறங்கி விளக்கும் பிரகாசமானால் சந்தேகம் தீர்ந்தது. அப்படி இறங்காவிட்டால் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். மீட்டருக்கு வரும் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: எண்கள் மேலும் கீழும் குதித்தால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது, 12 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றால் வேலை செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை: மீட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது பேட்டரியிலிருந்து நேராக அதற்கு மின்சாரம் கொடுக்க வந்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும், இந்த மாடலுக்கு வேறு மீட்டர் தேடி அலைய வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் வேறு சங்கதி. அதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை.

மறுமொழி (சுங்கை சிப்புட், பேராக், மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்)

வயரிங் அண்ணன் சொன்ன காரணம் சரியாகவே இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "மீட்டர்தான் பொய் சொல்கிறது" என்று முடிவு செய்துகொண்டு சூடான இயந்திரத்தை ஓட்டி அதன் தலைப்பகுதியைக் (சிலிண்டர் ஹெட்) கோணச் செய்தவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். கொதிப்பு வெளியே தெரியவில்லை என்பது போதிய சான்று ஆகாது. அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி நீரின் கொதிநிலையை 100 பாகைக்கு மேலே உயர்த்திவிடும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இரும்புக்கடையில் கிடைக்கும். நன்றாக ஓடி முடித்த பிறகு தெர்மோஸ்டாட் இருக்கும் பகுதியில் அதைக் காட்டி அளந்து பாருங்கள். அந்தக் கால டட்சனுக்கு வழக்கமான தெர்மோஸ்டாட் 82 பாகை செல்சியஸில் திறப்பது; வெப்ப நாடுகளுக்கென 76.5 பாகையில் திறப்பதும் இருந்தது. அளவு அதை ஒட்டியே நின்றால் மனநிம்மதியோடு டேஷ்போர்டைப் பிரிக்கலாம். மூடியைத் திறந்து பார்க்க நினைத்தால், இயந்திரம் முற்றிலும் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: ஸ்மித்ஸ் மீட்டர்கள் உள்ள கார்களில் ரெகுலேட்டர் தனிச் சிறு பெட்டியாக மீட்டருக்குப் பின்னால் இருக்கும், அது தரும் சராசரி 10 வோல்ட். அதைவிடப் பழைய கார்களில் ரெகுலேட்டரே கிடையாது. சாவியைத் திருப்பியவுடன் எண்ணெய் முள் துள்ளி எழுந்தால் அது பழைய வகை என்று அறிந்துகொள்ளலாம்.

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. சுங்கை சிப்புட் ஐயா சொன்னபடி முதலில் வெப்பத்தை அளந்தேன். கூலிம் வரை போய்த் திரும்பிய பிறகும் அளவு 80 பாகைகளிலேயே நின்றது. அந்த நேரத்திலும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டருகே இருந்தது. ஆகவே ரேடியேட்டர் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பேட்டரியின் எதிர்மின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு மீட்டர் பெட்டியை வெளியே எடுத்தேன். எர்த் வயர் இறுகும் திருகின் தலையில் பச்சை பூத்திருந்தது. பின்புறத்து அச்சுச்சுற்றுத் தகட்டின் செம்புக் கோடுகளும் கறுத்திருந்தன. பிறகு பெட்டியை வெளியே வைத்தபடியே இணைப்புகளைக் கொடுத்து, தனி எர்த் வயர் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். விளக்குகள் இவ்வளவு வெளிச்சமாக எரிந்து நான் கண்டதே இல்லை. சூட்டு முள் நடுக்கோட்டுக்குக் கீழே வந்து நின்றது, விளக்கைப் போட்டாலும் அசையவில்லை. மல்டிமீட்டரில் எண்கள் குதிக்கின்றன.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கறுத்த செம்புக் கோடுகளை எதனால் சுத்தம் செய்வது? ரெகுலேட்டர் இத்தனை ஆண்டுகள் பழையது என்பதால் இப்போதே மாற்றிவிடலாமா?

மறுமொழி (கூலிம், கார் வயரிங் வேலை செய்பவர்)

உப்புத்தாளை மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் செம்பு மிக மெல்லியது. இரண்டு இழுப்பில் கோடு அறுந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, தொடுமுனைகளுக்கான தெளிப்பானால் துடைத்துவிடுங்கள். மீட்டர்களைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகள் பெட்டியைத் தாங்குவதற்காக மட்டும் இருப்பவை அல்ல, மின்சாரமும் அவற்றின் வழியாகத்தான் மீட்டருக்குப் போகிறது. ஒவ்வொன்றையும் தளர்த்தி, சுத்தம் செய்து, மீண்டும் அளவாக இறுக்குங்கள். நம் ஊர் மழையும் ஈரப்பதமும் சேர்ந்து, கோடைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் தூசியும் உள்ளே போய்ப் படிந்தால், இந்த நட்டுகளில்தான் முதலில் பூஞ்சைபோல் பச்சை பூக்கும். தனியாகக் கட்டிய எர்த் வயரை அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்; முனைக்குச் சரியான லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கினால் போதும்.

ரெகுலேட்டர் துடிக்கிறது, முள் நிலையாக நிற்கிறது என்றால் அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஓடுவதை ஓடவிடுவதே நல்லது.

மறுமொழி (தைப்பிங், மின்னணுக் கருவிகள் பழுதுபார்ப்பவர்)

அண்ணன் கருத்தோடு இங்கே வேறுபடுகிறேன். மீட்டர் பெட்டியை வெளியே எடுப்பதே பாதி வேலை. அது கையில் இருக்கும்போதே பழைய ரெகுலேட்டருக்குப் பதிலாக 7808 என்ற மூன்று கால் ஐசியைப் போட்டுவிட்டால், தொடுமுனை தேய்வதையோ ஒட்டிக்கொள்வதையோ பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒட்டிக்கொண்டால் பாதிக்கப்படுவது தேடினாலும் கிடைக்காத மீட்டர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஐசியின் விலை ஒரு கோப்பித் தண்ணீரின் விலையைத் தாண்டாது.

7808 தொடர்ச்சியாக 8 வோல்ட் கொடுக்கும். உள்ளே வரும் பக்கத்தில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். இரண்டு மீட்டர்களும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் பொதுவாகக் கால் ஆம்பியருக்குள் அடங்கும். 14 வோல்ட்டை 8 ஆகக் குறைப்பதில் ஒன்றரை வாட்டுக்குள் வெப்பம் உண்டாகும். ஆகவே சிறிய அலுமினியத் தகடு ஒன்றை அதனுடன் திருகிவிட வேண்டும். ஐசியின் முதுகிலுள்ள உலோகம் எர்த் என்பதால், காரின் உடலோடு நேரடியாகத் திருகினாலும் தவறில்லை. ஸ்மித்ஸ் மீட்டர் உள்ளவர்கள் 7810 போடலாம். ஆனால் இந்த ஐசிகளுக்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், இயந்திரம் நின்றிருக்கும்போது பேட்டரி சோர்ந்திருந்தால் முள் சற்றே தாழும்.

ஒன்றை மறக்க வேண்டாம். டட்சனில் ரெகுலேட்டர் மீட்டர்களில் ஒன்றின் உள்ளேயே சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். பழைய தொடுமுனையின் இணைப்பைத் துண்டிக்காமல் வெளியே ஐசியை மட்டும் சேர்த்தால், இரண்டும் சேர்ந்து குழப்பம் உண்டாகும். உள்ளே பிரித்து வேலை செய்யக் கை பழகாதவர் என்றால், அண்ணன் சொன்னபடி இருப்பதை இருக்கவிடுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

மறுமொழி (லூனாஸ், கெடா)

ஸ்பீடோமீட்டரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம் தன்னைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தோடு முள்ளும் திரும்பும், மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். கேபிள் உலர்ந்துபோனாலோ எங்கேனும் மடங்கியிருந்தாலோ, சீராகச் சுழலாமல் முறுகி முறுகி விடுபடும். மெதுவாகப் போகும்போது முள் நடுங்குவதும் கீச்சொலியும் அதனால்தான் வருகின்றன.

மீட்டர் பெட்டியை எடுத்திருப்பதால் கேபிளின் மேல்முனை கழன்றுதான் இருக்கும். உள்கம்பியை உருவி, துணியால் துடைத்து, விரல்களுக்கிடையே சுழற்றிப் பாருங்கள். தட்டையான மேசையில் உருட்டினால் வளைவு இருக்கும் இடம் தூக்கிக் காட்டும். அப்படியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நன்றாக இருந்தால், கீழ்ப்பக்கத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். மேல்முனைவரை தாராளமாகப் பூசினால் சுழலும்போது கிரீஸ் மெல்ல மேலேறி மீட்டருக்குள் புகுந்து, கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிடும். பிறகு நின்ற காரிலும் மீட்டர் வேகம் காட்டிக்கொண்டிருக்கும். பெட்டியைத் திரும்பப் பொருத்தும்போது கேபிள் கூர்மையாக மடங்காமல் அகன்ற வளைவாக வருகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கேபிள் நன்றாயிருந்தும் கீச்சொலி நிற்காவிட்டால், மீட்டர் தலையிலுள்ள தாங்கி உலர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஒரு துளி இலகுவான எண்ணெய் போதும்.

மீட்டரே போய்விட்டால் வேறு ஜப்பானியக் காரின் மீட்டரைக் கொண்டு சமாளிக்க வழி இருக்கிறது. அந்நாட்டு மீட்டர்கள் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 637 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. பிரிட்டிஷ் மீட்டர்களில் காருக்குக் கார் எண் வேறுபடும். பெரிய டயர் போட்டிருந்தால் எந்த மீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

கேபிளில் வளைவு இல்லை. சுத்தம் செய்து கிரீஸ் தடவிய பிறகு முள் சீராக ஏறுகிறது, ஒலியும் இல்லை. ஐசி வேலை என் கைக்கு மிஞ்சியது என்பதால் பழைய ரெகுலேட்டரையே விட்டுவிட்டேன்.

எர்த் சரியானதும் புதிதாக ஒன்று தெரியவந்திருக்கிறது. நிலையத்தில் தொட்டி நிறைய எண்ணெய் ஊற்றினாலும் முள் முக்கால் அளவோடு நின்றுவிடுகிறது. தோட்டத்து மண்சாலையில் குலுங்கும்போது சட்டென்று கீழே சாய்ந்து, பிறகு மெல்ல ஏறுகிறது. இதுவரை அதிகமாகக் காட்டிய பிழை இந்தக் குறையை மறைத்து வந்ததோ என்று தோன்றுகிறது.

மறுமொழி (கூலிம், கார் வயரிங் வேலை செய்பவர்)

அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது எண்ணெய் மீட்டர் மட்டும் தவறுவதால் தொட்டியிலுள்ள மிதவை யூனிட்டின் பக்கம் போகலாம். உங்கள் காரில் தடை கூடினால் முள் தாழும். ஆகவே முதலில் யூனிட்டின் உடலிலிருந்து காரின் உடலுக்கு நல்ல எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் துரு பிடித்திருந்தால் முக்கால் அளவோடு நிற்பதற்கு அதுவே போதும். எர்த் நன்றாக இருந்தும் குலுங்கும்போது சாய்கிறது என்றால், மிதவைக் கையோடு நகரும் தொடுமுனை தடைக்கம்பியின் மேல் சரியாகப் படியவில்லை.

யூனிட்டைக் கழற்றி, ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்து, மிதவையைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். எண் இடையில் அறுபடாமல் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். தொடுமுனையைச் சுத்தம் செய்து, அதன் தகட்டை மயிரிழை அளவு வளைத்து அழுத்தத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் சலசலத்தால் அது ஓட்டை, மாற்ற வேண்டும். எண்ணெய் புகுந்த மிதவையில் யாரும் ஈயம் பற்றவைக்க முயலக் கூடாது, வெடித்துவிடும். வேறு யூனிட் வாங்குவதாக இருந்தால் தடை அளவைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கார்களுக்கும் ஒரே கணக்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்கக் கார்களில் காலித் தொட்டிக்கு 0 ஓம், நிறைந்த தொட்டிக்கு 90 ஓம் என்று தலைகீழாக இருக்கும்.

தொட்டி கால் பங்குக்குக் கீழே இறங்கிய பிறகே இந்த வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வீட்டு முற்றத்தில் திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட்டோ சாமி விளக்கோ இருக்கக் கூடாது. யூனிட்டின் பழைய ரப்பர் வளையம் மீண்டும் இறுகாது, புதியது ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசினால் பெட்ரோலில் ஊறிக் கழன்று, துண்டு துண்டாகத் தொட்டிக்குள் விழுந்து, கடைசியில் கார்ப்யூரெட்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.